சரக்கு முகவரிடம் பணம் கட்டும் முன்: வெளிநாட்டிலிருந்து பொருள் தருவிப்போர் அறிய வேண்டியவை

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. மாமல்லபுரத்தில் செய்து முடித்த கருங்கல் சிலைகள் சென்னையில் கப்பல் ஏறி, கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்துவிட்டன. ஆனால் ஆலயத்துக்கு வந்து சேரவில்லை. "தலைவரே, இன்னும் இரண்டே நாள்" என்று முகவர் சொல்லத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. துறைமுகத்தில் நாளுக்கு நாள் கட்டணம் ஏறுகிறது. அதைக் கட்டப் போவது, தோட்ட மக்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்த திருப்பணி நிதிதான்.

ஒரு தோட்டத்து ஆலய நிர்வாகம் இப்படி மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கிள்ளானிலோ ஈப்போவிலோ துணிக்கடை வைத்திருப்பவருக்கும் இதே நிலை வரலாம். தீபாவளிக்கு என்று கடன் வாங்கித் தருவித்த சேலைகள் பண்டிகை முடிந்த மறுநாள் வந்தால், அவற்றைப் பாதி விலைக்கு விற்பதே பெரும்பாடு. சரக்கு தாமதமாவதற்குக் கப்பலோ வானிலையோ காரணமாக இருக்கலாம். ஆனால் தடுத்திருக்கக்கூடிய பல சிக்கல்கள் முகவரைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே தொடங்கிவிடுகின்றன.

தெரிந்தவர் சொன்னார், விலை குறைவாக இருந்தது என்ற இரண்டு காரணங்களுக்காகவே பலர் முகவரைப் பிடிக்கிறார்கள். இரண்டுமே போதாது. சரக்கு யார் பெயரில் வருகிறதோ, சட்டத்தின் முன் அவரே இறக்குமதியாளர். முகவர் தவறான விவரத்தைப் பதிவு செய்தாலும் சுங்கத்துறையின் முதல் கடிதம் இறக்குமதியாளர் வீட்டுக்குத்தான் வரும்.

முகவர் என்பவர் யார்?

"பார்வர்டிங் ஏஜெண்ட்" என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பவர்களில் மூன்று வகையினர் இருக்கிறார்கள்.

முதலாமவர் சரக்கு அனுப்பும் முகவர். கப்பலிலோ விமானத்திலோ இடம் பிடித்து, இந்தியாவிலோ சீனாவிலோ உள்ள தம் கூட்டாளி மூலம் சரக்கை ஏற்றி, இங்கே இறக்கித் தருவது இவர் வேலை. பெரும்பாலும் இவருக்குச் சொந்தக் கப்பலோ விமானமோ இருக்காது.

இரண்டாமவர் சுங்க முகவர். இறக்குமதியாளர் சார்பில் சுங்கத்துறையிடம் கே1 எனப்படும் இறக்குமதிப் பாரத்தைத் தாக்கல் செய்து, வரி கட்டி, சரக்கை விடுவிப்பவர் இவர். 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 90ஆம் பிரிவின் கீழ் அரச மலேசிய சுங்கத்துறையின் அனுமதி பெற்றவரே இந்தப் பணியைத் தொழிலாகச் செய்ய முடியும். அனுப்பும் முகவராக இருப்பதாலேயே ஒருவர் சுங்க முகவர் ஆகிவிட மாட்டார். சில நிறுவனங்கள் இரண்டையும் செய்கின்றன. சில, சுங்க வேலையை உரிமம் உள்ள வேறொருவரிடம் கொடுத்துச் செய்கின்றன. அதில் தவறில்லை. அந்த வேறொருவர் யார் என்பது இறக்குமதியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாமவர் "டோர் டு டோர்" சேவை நடத்துபவர். சென்னையிலோ திருச்சியிலோ பெட்டியை ஒப்படைத்தால் இங்கே வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். முறையாக நடத்துபவர்களும் உண்டு. ஆனால் பலருடைய பெட்டிகளை ஒன்றாகக் கட்டி, வேறு யாருடைய பெயரிலோ ஒரே சரக்காக இறக்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சரக்கைச் சுங்கத்துறை பிடித்து வைத்தால், "என் பெட்டியும் அதில் இருக்கிறது" என்று காட்ட வாடிக்கையாளர் கையில் ஒரு தாளும் இருக்காது.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: "கே1 பாரத்தை யார் தாக்கல் செய்வார்? யாருடைய பெயரில்? எந்த உரிமத்தின் கீழ்?" இதற்கு நேராகப் பதில் சொல்லாத முகவரிடம் அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்

எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் நிறுவனம் பதிவாகி இருக்கிறதா என்பதை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள 12 இலக்கப் பதிவு எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள், பதிவான ஆண்டைக் காட்டும். "இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம்" என்பவரின் எண் 2024 என்று தொடங்கினால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை. பழைய வியாபாரத்தைப் புதிய நிறுவனமாக மாற்றியிருக்கலாம். மூடிய நிறுவனத்தின் கடனைத் தவிர்க்கத் திறந்த புதிய கடையாகவும் இருக்கலாம்.

அடுத்தது சுங்க முகவர் உரிமம். அதன் நகலைக் கேட்டு, நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள சுங்கத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். மலேசிய சரக்கு அனுப்புநர் கூட்டமைப்பிலோ மாநில அளவிலான சங்கங்களிலோ உறுப்பினரா என்பதையும் கேட்கலாம். உறுப்பியம் மட்டுமே நேர்மைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் பிரச்சினை வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கும்.

2024 மார்ச் 1 முதல் சரக்குச் சேவைகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. முகவர் அந்த வரியைப் பில்லில் சேர்த்தால் அவருடைய சேவை வரிப் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லாமல் வரி மட்டும் வசூலித்தால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகாது.

கடைசியாக வங்கிக் கணக்கு. பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும். "என் மனைவி கணக்கில் போடுங்கள், ரசீது பிறகு தருகிறேன்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. போலீசாரின் "செமாக் மியூல்" தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால், அவற்றின் மீது புகார் பதிவாகி இருக்கிறதா என்று தெரியும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் போதும்.

நல்ல முகவர் நிறையக் கேட்பார்

"எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் அனுபவமுள்ள முகவர் அப்படித் தொடங்க மாட்டார். பொருள் என்ன, எதனால் செய்தது, எத்தனை, என்ன எடை, என்ன விலை, யார் விற்பவர், எதற்காகத் தருவிக்கிறீர்கள் என்று கேட்டுத் துளைத்துவிடுவார். அந்தப் பதில்களை வைத்துத்தான் எச்எஸ் குறியீடு எனப்படும் சுங்க எண்ணை அவர் கண்டுபிடிக்க முடியும். வரி விகிதமும் பெர்மிட் தேவையா என்பதும் அந்த எண்ணைப் பொறுத்தவை.

நம்மவர்கள் அதிகம் தருவிக்கும் பொருள்களையே எடுத்துக்கொள்வோம். செடி, விதை, பூ போன்றவை மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், சோதனைத் துறையின் கட்டுப்பாட்டில் வரும். மசாலா, ஊறுகாய், பலகாரம் போன்ற உணவுப் பொருள்களுக்கு சுகாதார அமைச்சின் இறக்குமதி விதிகள் உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் விற்பனைக்குக் கொண்டுவர என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகவாண்மையின் விதிகளைப் பின்பற்ற வேண்டும். வீட்டு மின்சாதனங்கள் பலவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் தேவை. பெர்மிட் சரக்கு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியது. கப்பல் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு முகவர் சொன்னால், துறைமுகக் கட்டணத்தைக் கட்டப் போவது அவர் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சிலைகளுக்கு இன்னொரு படி உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பங்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. புதிதாகச் செதுக்கிய சிலையானாலும், அது தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழை அங்குள்ள சுங்க அதிகாரிகள் கேட்கக்கூடும். ஆலயத்துக்குச் சிலை தருவித்த அனுபவமுள்ள முகவர், சிற்பியிடம் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே இதைக் கேட்பார்.

மரப்பெட்டியும் கவனிக்க வேண்டியது. சிலை போன்ற கனமான பொருளை மரச்சட்டத்தில் அடைத்துத்தான் அனுப்புவார்கள். பூச்சி பரவாமல் இருக்க அந்த மரம் சூடேற்றியோ மருந்துப் புகையிட்டோ பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது ஐஎஸ்பிஎம் 15 என்ற அனைத்துலக விதி. பதப்படுத்தியதற்கான முத்திரை மரத்தில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எவ்வளவு மதிப்புள்ள சிலையானாலும், பெட்டிக்காகவே சரக்கு நிற்கலாம்.

இன்னொரு கேள்வி பணத்தை மிச்சப்படுத்தும். மலேசிய-இந்திய விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2011 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஆசியான்-இந்தியப் பொருள் வணிக ஒப்பந்தமும் உண்டு. விற்பவர் தம் நாட்டில் முறையான பூர்வீகச் சான்றிதழ் பெற்று அனுப்பினால், தகுதியுள்ள பொருள்களுக்கு இறக்குமதி வரி குறையும், சிலவற்றுக்கு இல்லாமலே போகும். "விற்பவர் பூர்வீகச் சான்றிதழ் தருவாரா?" என்று கேட்கும் முகவர் வாடிக்கையாளரின் பணத்தைத் தம் பணமாக நினைப்பவர்.

மலிவான விலை எங்கே ஏறுகிறது?

ஒரு கொள்கலனை முழுதாக எடுக்கும் அளவுக்குச் சரக்கு இல்லாதவர்கள், பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்சிஎல் முறையை நாடுகிறார்கள். அதில் ஒரு கன மீட்டரா ஒரு டன்னா, எது அதிகமோ அதைக் கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். ஒரு கன மீட்டர் பெட்டியில் 200 கிலோ எவர்சில்வர் பாத்திரம் இருந்தால், கட்டணம் ஒரு கன மீட்டருக்கு. அதே அளவுப் பெட்டியில் ஒன்றரை டன் கருங்கல் சிலை இருந்தால், கட்டணம் ஒன்றரை மடங்கு. கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடை கொண்டது. பெட்டியின் அளவை மட்டும் கேட்டு விலை சொன்ன முகவரின் கணக்கு, சிலைக்குப் பொருந்தாது. விமானச் சரக்கில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கே ஒரு கன மீட்டரை ஏறத்தாழ 167 கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அடைக்கும் பொருளுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

எல்சிஎல் சரக்கில் பலர் ஏமாறும் இடம் வேறு. கப்பல் கட்டணம் மிகவும் மலிவு, சில சமயம் இலவசம் என்றுகூட விற்பவர் சொல்லுவார். சரக்கு கிள்ளானுக்கு வந்த பிறகுதான் இங்குள்ள கூட்டாளி முகவர் கிடங்குக் கட்டணம், கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம் என்று ஒரு பட்டியலை நீட்டுவார். அங்கே விட்டுக்கொடுத்ததை இங்கே வசூலிப்பது இந்தத் தொழிலில் தெரிந்த வழக்கம். இந்த முகவரை இறக்குமதியாளர் தேர்ந்தெடுக்கவில்லை. விற்பவர் தேர்ந்தெடுத்தார். ஆனாலும் அவருக்குப் பணம் கட்டாமல் சரக்கு வெளியே வராது.

விற்பவரோடு எந்த நிபந்தனையில் விலை பேசுகிறோம் என்பது இங்கே முக்கியமாகிறது. சிஐஎப் என்றால் கப்பல் கட்டணமும் காப்புறுதியும் விற்பவர் பொறுப்பு. முகவரையும் அவரே பிடிப்பார். எப்ஓபி சென்னை என்றால், கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு. அதற்கு மேல் வாங்குபவர் தாமே முகவரைத் தேர்ந்தெடுப்பார். எக்ஸ்-வொர்க்ஸ் என்றால் சிற்பக்கூடத்தின் வாசலிலிருந்தே எல்லாம் வாங்குபவர் தலையில். சிஐஎப் விலை பார்வைக்கு வசதியானது. ஆனால் தமக்குத் தெரிந்த முகவரை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு எப்ஓபி முறையே பொருந்தும்.

எந்த முகவரிடம் கொட்டேஷன் வாங்கினாலும், சரக்கு வாசலில் இறங்கும் வரையிலான எல்லாக் கட்டணமும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். அங்குள்ள செலவு, கப்பல் கட்டணம், இங்குள்ள துறைமுக, கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், முகவரின் கூலி, லோரி வாடகை, சேவை வரி என்று வரி வரியாக வேண்டும். இறக்குமதி வரியும் விற்பனை வரியும் தனியாக, மதிப்பீடு என்று குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். "மற்றச் செலவுகள் நடப்புப்படி" என்ற ஒற்றை வரி இருந்தால் அதில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்க வேண்டும். மூன்று முகவரிடம் வாங்கிய கொட்டேஷனை ஒப்பிடும்போது கடைசித் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் விட்டிருப்பார்.

சரக்கின் சாவி ஒரு தாள்

கப்பல் சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ஆவணம் பில் ஆஃப் லேடிங். தொழிலில் இருப்பவர்கள் பி.எல். என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. கப்பல் நிறுவனம் முகவருக்குக் கொடுப்பது மாஸ்டர் பி.எல். முகவர் தம் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது ஹவுஸ் பி.எல். சிறு வியாபாரிகளின் கைக்கு வருவது பெரும்பாலும் ஹவுஸ் பி.எல்.தான்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாடிக்கையாளர் முகவருக்கு முழுப் பணமும் கட்டியிருப்பார். முகவர் அந்தப் பணத்தைக் கப்பல் நிறுவனத்துக்குக் கட்டாமல் வேறு கடனை அடைத்திருப்பார். கப்பல் நிறுவனத்தின் கணக்கில் பாக்கி இருக்கும் வரை சரக்கு விடுபடாது. அவர்களுக்கு வாடிக்கையாளரை யார் என்றே தெரியாது; மாஸ்டர் பி.எல்.லில் இருப்பது முகவரின் பெயர்தான். தொடக்கத்தில் சொன்ன "இன்னும் இரண்டே நாள்" என்ற பேச்சுக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுவே.

இதைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு. முழுக் கொள்கலனாக எடுப்பவர்கள், மாஸ்டர் பி.எல். தங்கள் பெயரிலேயே வருமா என்று கேட்கலாம். எல்சிஎல் சரக்குக்கு அது இயலாது. ஆனால் கப்பலின் பெயர், பயண எண், கொள்கலன் எண் மூன்றையும் எழுதி வாங்கலாம். கொள்கலன் எண் கையில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதைக் கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். கப்பல் இன்னும் கிளம்பவில்லை என்று முகவர் சொல்ல, கொள்கலன் கிள்ளானில் இறங்கி ஐந்து நாள் ஆகிவிட்டது என்று தளம் காட்டினால், பேச்சை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பணத்தையும் முழுவதுமாக முன்கூட்டியே கொடுக்காமல், ஏற்றும்போது ஒரு பகுதி, விடுவிக்கும்போது ஒரு பகுதி என்று பேசிக்கொள்வது நல்லது.

"விலையைக் குறைத்துப் போடலாம்"

மலேசியாவில் இறக்குமதி வரி, பொருளின் விலையோடு கப்பல் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்த மதிப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. விற்பனை வரி, அந்த மதிப்போடு இறக்குமதி வரியையும் கூட்டிய தொகையின் மேல் விதிக்கப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: மொத்த மதிப்பு 20,000 ரிங்கிட், இறக்குமதி வரி 20 விழுக்காடு, விற்பனை வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 4,000 ரிங்கிட். விற்பனை வரி 24,000த்தில் பத்து விழுக்காடு, அதாவது 2,400 ரிங்கிட். மொத்தம் 6,400 ரிங்கிட். உண்மையான விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். வரியே இல்லாத பொருள்களும் உண்டு.

இந்தத் தொகையைப் பார்த்து மலைக்கும் நேரத்தில்தான் சில முகவர்கள், "இன்வாய்ஸில் பாதி விலை போட்டுக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பார்கள். குறைத்துக் காட்டிய விலையைச் சுங்கத்துறை ஏற்காமல் தானே மதிப்பிட முடியும். பொய்யான விவரம் தருவது அபராதமும் சிறையும் விதிக்கக்கூடிய குற்றம். சரக்கைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆலயச் சரக்கானால் அந்தப் பாரத்தில் இருப்பது ஆலயத்தின் பெயர். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகத்தினர். காப்புறுதி நட்ட ஈடு கேட்கும்போதும் இன்வாய்ஸில் எழுதிய பாதி விலையே கணக்கில் வரும்.

வேலை முடிந்ததும் கே1 பாரத்தின் நகலையும், சுங்கத்துறை தந்த வரி ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும். முகவரின் சொந்தப் பில்லில் "டியூட்டி" என்று ஒரு தொகை எழுதியிருப்பது வரி கட்டியதற்குச் சான்று ஆகாது. இரண்டு தொகைகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். இந்த ஆவணங்களை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். நிர்வாகம் மாறும் சங்கங்களும் ஆலயங்களும் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

நாள் கடந்தால் ஏறும் கட்டணம்

கொள்கலன் துறைமுகத்தில் இறங்கிய பின் சில நாள்கள் மட்டுமே இலவசம். அதற்கு மேல் துறைமுகத்திலேயே கிடந்தால் கப்பல் நிறுவனம் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கேட்கும். துறைமுகமும் தன் இட வாடகையைத் தனியே கேட்கும். வெளியே எடுத்த கொள்கலனை உரிய நாளில் காலியாகத் திருப்பித் தராவிட்டால் அதற்கு டிடென்ஷன் என்று இன்னொரு கட்டணம். இவை நாள் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும்.

இலவச நாள்கள் எத்தனை, அதற்கு மேல் நாளொன்றுக்கு எவ்வளவு, முகவரின் தவறால் தாமதமானால் யார் கட்டுவது என்ற மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குவது நல்லது. கொள்கலனுக்கு முன்பணம் கட்டியிருந்தால், அது எப்போது யார் கைக்குத் திரும்பும் என்பதையும் கேட்டுவைக்க வேண்டும்.

நாள் கணக்கில் இன்னொன்றும் சேரும். தீபாவளிச் சரக்கு கிளம்பும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வந்தால் சென்னைத் துறைமுகத்தின் வேலை நின்றுபோகும். நேரடிக் கப்பல் பத்து நாளுக்குள் வந்துவிடும் என்றாலும், பண்டிகைக்கு முந்திய பத்து நாளை நம்பிச் சரக்கு ஏற்றுவது சூதாட்டம்தான். அந்தக் காலத்தில் வேலை கேட்டு வரும்போது, "இந்தத் தேதிக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது" என்று ஒரு முகவர் சொன்னால் அவரைக் குறைத்து எண்ணக் கூடாது.

காப்புறுதி முகவருடையதா, நம்முடையதா?

"எங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று முகவர் சொல்வது பெரும்பாலும் அவருடைய பொறுப்புக்கான காப்புறுதி. சரக்கு உடைந்தாலோ காணாமல் போனாலோ முகவர் தரும் நட்ட ஈட்டுக்கு, எடையையோ பெட்டியின் எண்ணிக்கையையோ வைத்து ஒரு வரம்பு அவருடைய நிபந்தனைத் தாளில் எழுதியிருக்கும். சரக்கின் முழு மதிப்புக்கும் காப்பு வேண்டுமானால், சரக்குரிமையாளர் பெயரில் கடல்சார் காப்புறுதி எடுக்க வேண்டும். சிஐஎப் விலையில் விற்பவர் எடுக்கும் காப்புறுதியும், வேறு பேச்சு இல்லாவிட்டால், குறைந்த அளவு ஆபத்துகளையே உள்ளடக்கும்.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிய எவர் கிவன் கப்பலைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அது ஜோகூரின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் நின்றுவிட்டு ரோட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். அதை மீட்ட செலவில் சரக்குரிமையாளர்களும் பங்கு ஏற்க வேண்டும் என்று கப்பல் உரிமையாளர் அறிவித்தார். "ஜெனரல் ஆவரேஜ்" எனப்படும் இந்தக் கடல் வழக்கத்தின்படி, சரக்கு சேதமடையாவிட்டாலும் உரிமையாளர் பங்கு கட்டியாக வேண்டும். காப்புறுதி இருந்தால் அந்தப் பங்கைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும். இல்லாவிட்டால் கைப்பணம் கட்டிய பிறகே சரக்கு கிடைக்கும்.

போலி அழைப்புகள்

எதையும் தருவிக்காத வீட்டுக்கும் சில சமயம் அழைப்பு வருகிறது. "உங்கள் பெயரில் பார்சல் வந்து சுங்கத்தில் நிற்கிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று ஒரு குரல் மிரட்டும். அல்லது இணையத்தில் பழகிய வெளிநாட்டு நண்பர் பரிசு அனுப்பியிருப்பதாகச் சொல்லி, "முகவர்" ஒருவர் பேசுவார். சுங்க வரியைத் தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் கட்டச் சொல்லிச் சுங்கத்துறை கேட்பதில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் தங்கள் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சிக்கல் வந்துவிட்டால்

சரக்கு நின்றுவிட்டால் முதலில், எதனால் நிற்கிறது என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பெர்மிட் இல்லாமையா, வரி மதிப்பீட்டுத் தகராறா, கப்பல் நிறுவனத்துக்குப் பாக்கியா என்று காரணம் தெரிந்தால்தான் அடுத்து எங்கே போவது என்று தெரியும். பாக்கி என்றால் கப்பல் நிறுவனத்தின் கிள்ளான் அலுவலகத்தையே நேரில் அணுகலாம். சுங்கத்துறை நிறுத்தியிருந்தால் இறக்குமதியாளர் தாமே அங்கே சென்று விசாரிக்கலாம். சரக்கு அவர் பெயரில் வந்தது. புலனத்தில் நடந்த உரையாடல், ரசீது, வங்கிப் பரிமாற்றம் எதையும் அழிக்கக் கூடாது.

வீட்டுச் சாமான், சொந்த உபயோகப் பொருள் போன்றவற்றுக்காக முகவரை அமர்த்தியவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. வியாபாரத்துக்காகத் தருவித்த சரக்குக்கு அந்த வழி இல்லை. அவர்கள் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியதாகத் தெரிந்தால் போலீசில் புகார் செய்யலாம்.

புதிய முகவரிடம் முதல் முறையே பெரிய சரக்கை ஒப்படைக்காமல், ஒரு சிறு சரக்கைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. சொன்ன தேதிக்கும் வந்த தேதிக்கும், சொன்ன தொகைக்கும் கட்டிய தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அதில் தெரிந்துவிடும். அப்படிச் சோதித்துப் பார்க்க ஆலயங்களுக்கு வழியில்லை. சிலை ஒரு முறைதான் வரும். ஆனால் அண்மையில் சிலை தருவித்த வேறோர் ஆலய நிர்வாகத்திடம் போய், முகவரின் கொட்டேஷனையும் கடைசிப் பில்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆலயத்துக்கு ஆலயம் இதை மறைக்க வேண்டிய காரணம் இல்லை. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.